தெருமுனை ஹோட்டலில் நன்றாகச் சாப்பிட: அடுப்பின் நேரம் பார்த்துப் போங்கள்

காலை 7 மணிக்கு ருசித்த அதே பொங்கலை 10 மணிக்குக் கேட்டு வாங்கினால் வேறு கடைப் பொங்கல் போல இருக்கும். மாஸ்டர் அவரேதான், அரிசியும் அதேதான். நடுவில் மூன்று மணி நேரம் ஓடியிருக்கிறது. பெரிய ஹோட்டலில் எதையும் திரும்பத் திரும்பப் புதிதாகச் செய்ய ஆள் இருக்கும். எட்டு மேசை, ஒரு தோசைக்கல், ஒரு இட்லிக் கொப்பரை என்று ஓடும் கடையில் அது முடியாது. அங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தில் போய் அதைக் கேட்பவர் திருப்தியாக எழுந்து போகிறார். போர்டில் எழுதியிருக்கும் நாற்பது அயிட்டங்களையும் படித்துக்கொண்டிருப்பதைவிட, அடுப்பில் இப்போது என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கும் டிபன் ஹோட்டல், மதியச் சாப்பாட்டு மெஸ், சாயங்காலப் பரோட்டா கடை மூன்றுக்கும் இந்தக் குறிப்புகள் பொருந்தும்.

உட்காரும் முன்

முதலில் கை கழுவும் இடத்துக்குப் போங்கள். சோப்பு இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, சாக்கடை நாற்றம் அடிக்கிறதா? சாப்பிடுபவர் கண்ணில் படும் இடமே இப்படி என்றால் உள்ளே பாத்திரம் கழுவும் இடம் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்தது வடைச் சட்டி. எண்ணெய் கறுத்து, விளிம்பில் அடங்காத நுரை கட்டி, வடை போடும் முன்பே புகைந்தால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. கடையில் நின்றபடி அதை நாம் அளக்க முடியாது. நுரை, புகை, காறல் வாடை மூன்றையும் கவனித்தால் போதும். மூன்றும் இருந்தால் அன்றைக்கு வடை, பூரி, பஜ்ஜி வேண்டாம், இட்லி சாப்பிடுங்கள்.

கூட்டம் இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர்கள், அந்த ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள், பீரோவையும் சைக்கிளையும் ஏற்றி இறக்குகிறவர்கள் தினமும் வந்தால் அந்தக் கடையில் சரக்கு தேங்காது. தேங்காத சரக்கு புதிதாகத்தான் இருக்கும். கல்லா அருகே 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணோடு சான்றிதழ் மாட்டியிருக்க வேண்டும். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

காலை: ஈடும் கல்லும்

இட்லி ஈடு ஈடாக வரும். ஒரு ஈடு வேக 10 முதல் 12 நிமிடம். கொப்பரையைத் திறந்து தட்டை எடுத்ததும் இரண்டு நிமிடமாவது ஆற விடவேண்டும், இல்லாவிட்டால் துணியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். “அண்ணே, அடுத்த ஈடு எப்போ இறங்கும்?” என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் என்றால் காத்திருங்கள். முந்தைய ஈட்டின் மிச்சம் தட்டில் திறந்து கிடந்தால் ஓரம் காய்ந்து மேல்தோல் தடித்திருக்கும். விரலால் லேசாக அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழும்ப வேண்டும். அழுந்தியபடியே நின்றால் வேக்காடு பத்தவில்லை அல்லது மாவு பொங்கவில்லை.

மாவுக்கும் பருவம் உண்டு. மார்கழிக் குளிரிலும் அடைமழையிலும் மாவு பொங்கத் தாமதமாகும். இட்லி இறுகி வரும். அந்த நாட்களில் அதே மாவில் கல் தோசை நன்றாக இருக்கும். சித்திரை வெயிலில் நிலைமை தலைகீழ்: காலையில் ஆட்டி வைத்த மாவு சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். அப்போது வெங்காய ஊத்தப்பம் கேளுங்கள். வெங்காயத்தின் இனிப்பும் அடியில் சிவக்கும் மொறுமொறுப்பும் அந்தப் புளிப்புக்கு நன்றாகப் பொருந்தும். கொஞ்சம் புளித்த மாவில்தான் ஊத்தப்பம் ருசி என்பது எங்கள் உறுதியான கருத்து.

பொங்கலை 8.30 மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நேரம் ஆக ஆக அரிசி நீரை உறிஞ்சிக்கொள்ளும், ஆறினால் நெய் உறையும், பொங்கல் கட்டியாகும். கடையில் வெந்நீர் ஊற்றிக் கிளறி இளக்குவார்கள். இளகிவிடும், ஆனால் மிளகும் சீரகமும் நெய்யும் சேர்ந்த அந்த வாசனை நீர்த்துப் போயிருக்கும். கரண்டியிலிருந்து விழும் பொங்கல் தட்டில் மெதுவாகப் பரவ வேண்டும். கரண்டியின் வடிவத்திலேயே நின்றால் இட்லிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

மெதுவடை சட்டியிலிருந்து வந்து கால் மணி நேரம்தான். அதற்குள் சாப்பிட்டால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. “இப்போ போட்டதா?” என்று கேட்டால் எந்தக் கடையிலும் “ஆமா” என்றுதான் பதில் வரும். கேட்பதற்குப் பதில் சட்டி அடுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வடையைப் பிட்டதும் விரலில் எண்ணெய் வழிந்தால், எண்ணெய் காயும் முன் போட்டிருக்கிறார்கள், அல்லது உளுந்தை ஆட்டும்போது தண்ணீர் அதிகமாகியிருக்கிறது. ஆறிய வடைதான் இருக்கிறது என்றால் சாம்பார் வடையாகக் கேளுங்கள். ஆறிய வடை சாம்பாரை நன்றாகக் குடிக்கும். கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு, மேலே பொடி வெங்காயம் தூவிச் சாப்பிடுங்கள்.

இனி தோசை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளிப்பதைக் கவனியுங்கள். துளிகள் உருண்டு ஓடிச் சில நொடியில் மறைந்தால் கல் காய்ந்துவிட்டது. ஒரே இடத்தில் நின்று குமிழியிட்டால் இன்னும் காயவில்லை. அதில் ஊற்றும் தோசை வெளுத்து, தோல் மாதிரி வரும். தண்ணீர் பட்டதுமே சீறிப் புகைந்தால் கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. அதில் மாவு பரவாது, கரண்டியோடு சுருண்டு வரும். தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுவது சுத்தத்துக்கு மட்டுமல்ல, சூட்டைக் குறைக்கவும்தான். கடை திறந்ததும் ஊற்றும் முதல் தோசையும், கல் வெகுநேரம் சும்மா கிடந்த பிறகு ஊற்றும் தோசையும் பெரும்பாலும் ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வெளுத்திருக்கும். ஆறேழு தோசை தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் கல் சமநிலைக்கு வந்திருக்கும். அப்போது உங்கள் தோசையைச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு தோசைக்கும் சூடு வேறு. கல் தோசைக்கு மிதமான சூடு, தடிமனான ஊற்று. ரோஸ்ட்டுக்கு மெல்லிய ஊற்று, நிதானமான தீ. அப்போதுதான் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி சிவக்கும். ரவா தோசைக்குக் கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், நீர்த்த மாவை வீசி ஊற்றியதும் ஓட்டை விழ அந்தச் சூடு வேண்டும். அதனால் நாலு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து ரவா, பொடி, முட்டை, ஊத்தப்பம் என்று நாலு விதமாகச் சொன்னால் நாலும் நாலு நேரத்தில்தான் வரும். முதலில் வந்ததைச் சாப்பிடாமல் மற்றவருக்காகக் காத்திருந்தால் அதுவும் வீண். ஒரு மேசைக்கு ஒரு வகை, மிஞ்சினால் இரண்டு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரவா தோசையை 8 மணிக் கூட்டத்தில் கேட்காதீர்கள். அதைத் திருப்பிப் போடுவதில்லை, ஒரே பக்கத்தில் நாலைந்து நிமிடம் முறுக வேண்டும். பத்துப் பேர் காத்திருக்கும்போது மாஸ்டர் அவ்வளவு நேரம் கல்லைக் கொடுக்க மாட்டார். நடு ஈரம் காயும் முன் மடித்துவிடுவார், பல்லில் ஒட்டும். கூட்டம் வடிந்த 10 மணிக்கோ, சாயங்காலம் கடை திறந்து கல் சூடேறிய பிறகோ கேளுங்கள். ரவை அடியில் தங்கும். ஊற்றுவதற்கு முன் மாவை அடிவரை கலக்குகிறாரா என்று பாருங்கள்.

ரோஸ்ட் வந்ததும் அதன் மேல் சாம்பார் ஊற்ற விடாதீர்கள், கிண்ணத்தில் கேளுங்கள். தட்டில் தேங்கும் சாம்பார் ஒரு நிமிடத்தில் அடிப்பக்கத்தை ஊற வைத்துவிடும்.

தேங்காய்ச் சட்னியில் கவனம் தேவை. காலை 6 மணிக்கு அரைத்தது, வெயில் நாளில் 10 மணிக்கு மேல் சந்தேகத்துக்குரியது. வாளி ஓரத்தில் சின்னக் குமிழ்கள், லேசான புளிப்பு வாடை, நாக்கில் ஒரு வழவழப்பு, இதில் எது இருந்தாலும் ஒதுக்கி வைத்துவிடுங்கள். வெங்காயமும் தக்காளியும் வதக்கி அரைத்த காரச் சட்னி கூடுதல் நேரம் தாங்கும். இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் எந்நேரமும் கேட்கலாம்.

காபியை டிபனோடு சேர்த்துச் சொல்லிவிட்டால் ஆறிப் போய்த்தான் குடிக்க வேண்டும். கடைசி இரண்டு வாய் இருக்கும்போது சொல்லுங்கள். “டிகாக்‌ஷன் தூக்கலா, சர்க்கரை கம்மி” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும், கலந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. காலையில் இறங்கும் முதல் டிகாக்‌ஷனில் வாசனை இருக்கும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாவதில் கசப்புதான் மிஞ்சும். நிறம் கறுப்பாகவும் கெட்டியாகவும் இருந்து மணமே இல்லை என்றால் சிக்கரி தூக்கல். காபித்தூள் கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

மதியம்: இலை போட்ட பிறகு

12.30 முதல் 1.15 வரை நல்ல நேரம். சாதம் வடித்த சூட்டோடு இருக்கும், பொரியல் வாடியிருக்காது, அப்பளம் நமுத்திருக்காது. 2 மணிக்கு மேல் கூட்டு இறுகும், மோர் புளிக்கும், ரசம் அடிமண்டியாக வரும்.

அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். இலையின் நுனி உங்கள் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்துத் துடைக்கும்போதே கிழிசல் பாருங்கள். நடுநரம்புக்குக் கீழே கிழிந்திருந்தால் ரசம் மடியில் வழியும், வேறு இலை கேட்கத் தயங்காதீர்கள். முதல் சாதத்தைக் குறைவாக வாங்குங்கள். பருப்பும் நெய்யும், சாம்பார், காரக்குழம்பு அல்லது வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று ஐந்து சுற்று இருக்கிறது. சாம்பாருக்கே வயிற்றை நிரப்பிக்கொள்பவர்கள் ரசத்தைத் தொடாமலே எழுந்துவிடுகிறார்கள். பல மெஸ்களில் ரசம்தான் சமைப்பவரின் கைப்பக்குவம் தெரியும் இடம். ஒரே சப்ளையர் இருபது இலையைக் கவனிக்கும் கடையில் ரச வாளி உங்கள் வேகத்துக்கு வராது. நீங்கள் குழம்பில் இருக்கும்போதே வந்தால் டம்ளரில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அசைவ மெஸ் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கறிக்குழம்பு, மீன்குழம்பு, கோழிக்குழம்பு எல்லாம் பெரும்பாலும் சாப்பாட்டு விலையிலேயே அடங்கும், துண்டுக்குத் தனி விலை. சப்ளையர் ஒரு பெரிய தட்டில் வறுத்த மீன், சுக்கா, ஈரல், காடை என்று அடுக்கி மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார். இலையோரம் வைத்துவிட்டால் அது பில்லில் ஏறும். வைக்கும் முன் விலையைக் கேளுங்கள். மீன் விலை நாளுக்கு நாள், துண்டுக்குத் துண்டு மாறும் என்பதால் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் கடல்மீன் விலை ஏறும், ஐஸில் வெகுநாள் இருந்த மீனும் புழங்கும். அப்போது நாட்டுப் படகில் வரும் சின்ன மீன்கள், ஏரி மீன், கோழி, முட்டை பக்கம் போகலாம். தட்டில் அடுக்கிக் கொண்டுவரும் மீன் காலையில் வறுத்ததாக இருந்தால் மசாலா உதிர்ந்து சதை நார்நாராக இருக்கும். “கல்லுல புதுசா ஒண்ணு போட்டுத் தாங்க” என்று சொல்லி, முதல் சுற்றுச் சாதத்தோடு காத்திருங்கள்.

சாயங்காலம்: பரோட்டா

பரோட்டாவின் உயிர் அதன் அடுக்கு. மாவை வீசி, சுருட்டி, தட்டிக் கல்லில் போட்டு எடுத்தவுடன் நாலைந்தை ஒன்றாக அடுக்கி இரு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் அடிப்பார்கள். அடுக்குகள் பிரிந்து உப்பும். சூட்டில் மட்டுமே அது நடக்கும், ஆறிய பரோட்டாவை எவ்வளவு அடித்தாலும் அடுக்கு பிரியாது. மைதா ஆறியதும் இறுகிவிடுகிறது, திரும்பக் கல்லில் காட்டினால் மேலே முறுகி உள்ளே ரப்பர் போல இழுக்கும். கல்லுக்குப் பக்கத்தில் அரை வேக்காட்டில் அடுக்கி வைத்த குவியல் தெரிந்தால், “மாஸ்டர், புதுசா போடும்போது ரெண்டு குடுங்க” என்று சொல்லிக் காத்திருங்கள். கூட்டம் ஓடும் 7.30 முதல் 9 மணிக்குள் காத்திருப்பு பத்து நிமிடத்துக்கு மேல் போகாது.

பரோட்டாவைப் பிய்த்துப் போட்ட பிறகு சால்னாவை இரண்டு தவணையாக ஊற்றுங்கள். முதல் ஊற்றை அது குடித்துவிடும், இரண்டு நிமிடம் கழித்து ஊற்றும் இரண்டாவதுதான் நாக்குக்குத் தெரியும். இரவு ஏற ஏறச் சால்னா சுண்டி உப்பு தூக்கும். 10 மணிக்கு மேல் போனால் முதலில் ஒரு சொட்டு ருசி பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

அந்த நேரத்துக்கு ஏற்றது கொத்து பரோட்டா. சூடான பரோட்டாவைக் கொத்தினால் மாவாகப் பிசையும். ஆறியதுதான் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு முட்டையையும் வெங்காயத்தையும் சால்னாவையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளும். “ஈரமா” வேண்டுமா “உதிரியா” வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லுங்கள், கடைசியில் விடும் சால்னா அளவு அதைப் பொறுத்தது. விருதுநகர்ப் பக்கத்து எண்ணெய்ப் பரோட்டா இதற்கு நேர்மாறு: எண்ணெயிலிருந்து எடுத்த நிமிடமே நொறுக்கிச் சால்னா விட்டுச் சாப்பிட வேண்டியது, பார்சலுக்கு ஆகவே ஆகாது.

கொங்குப் பக்கக் கடைகளில் கலக்கி கேட்டால் முழுதாக வேகாத முட்டைதான் வரும், அதுதான் அதன் பதம். ஹாஃப் பாயிலும் அப்படியே. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்களுக்கு இரண்டும் வேண்டாம், ஆம்லெட்டாகச் சொல்லுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்கள்

கடைச் சட்னியில் தேங்காயைக் குறைத்து நிலக்கடலை சேர்ப்பது சகஜம். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் சப்ளையரிடம் கேட்காமல், அரைத்தவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பொங்கலில் முந்திரி இருக்கும். கோதுமை சேராதவர்கள் இட்லி, சாம்பார் பாதுகாப்பு என்று நம்பிவிடுகிறார்கள். கடைகளில் புழங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருப்பது வழக்கம். சாம்பார், ரசம் இரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

குறை இருந்தால், பில் வந்தால்

சட்னி புளித்திருந்தாலோ வடை உள்ளே வேகாமல் இருந்தாலோ முதல் வாயிலேயே சொல்லுங்கள். “சட்னி புளிச்சிருக்கு தம்பி, மாத்திக் கொடுங்க” என்று குறிப்பாகச் சொன்னால் மறுபேச்சில்லாமல் மாற்றிவிடுவார்கள், அந்த வாளியையும் எடுத்து உள்ளே வைப்பார்கள். அடுத்த மேசைக்கும் அது நல்லது. பாதி சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் வந்து “நல்லாவே இல்லை” என்றால் எதை மாற்றுவது என்று அவர்களுக்கே தெரியாது.

பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி போட்டிருந்தால் கடையின் ஜிஎஸ்டி எண் அதில் அச்சாகியிருக்க வேண்டும். காம்போசிஷன் முறையில், அதாவது விற்பனையில் ஒரு சிறு பங்கைக் கடையே வரியாகக் கட்டும் முறையில், பதிவு செய்த சின்னக் கடைகள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. இருந்தால் எடுக்கச் சொல்லலாம்.

பார்சல்

இட்லி, கல் தோசை, ஊத்தப்பம், பரோட்டா பயணம் தாங்கும். ரோஸ்ட், ரவா தோசை, பூரி தாங்காது, பொட்டலத்துக்குள் எழும் ஆவியே அவற்றை நனைத்துவிடும். பரோட்டாவுக்குச் சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுபோனால் அதிலேயே ஊற்றித் தருவார்கள், பல கடைகளில் ஒரு கரண்டி கூடவே விழும். உணவைச் செய்தித்தாளில் நேரடியாக மடித்தால் மை ஒட்டும். உள்ளே வாழையிலை வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

பார்சல் சாப்பாட்டுச் சாதம் பல மெஸ்களில் ஒருவருக்கு அதிகம், இருவருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பேர் என்றால் ஒரு பார்சலும் கூடுதலாக ஒரு பொரியலும் ஒரு குழம்பும் வாங்குங்கள். சாதத்தை வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். சாம்பாரையும் சால்னாவையும் வெதுவெதுப்பாக்கினால் போதாது, ஒரு கொதி வர வேண்டும். ஆறிய இட்லியில் தண்ணீர் தெளித்து மூன்று நிமிடம் ஆவியில் வையுங்கள். பரோட்டாவின் இரு பக்கமும் ஈரக் கையால் தடவி, மூடி போட்ட கல்லில் குறைந்த தீயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் விட்டு எடுத்தால் மறுபடி இளகும். தேங்காய்ச் சட்னி மிஞ்சினால் ராத்திரிக்கு வைக்க வேண்டாம்.